இரண்டு பூங்காக்களுக்கு நடுவே



பயணம் பற்றிப் பேசுங்கள் என்று வாசகர் வட்டத்தார் கேட்டார்கள். ஆப்பிரிக்காவின் தென்முனையில் தொடங்கி நிலநடுக்கோட்டுப் பக்கம் வரை, தரைவழியாகக் கூடாரம் அடித்துக்கொண்டே போகிற பயணத்தை எடுத்துக்கொண்டேன். நான் போய்வந்த பாதை என்பது ஒரு காரணம். அங்கே தெரிந்துகொண்டவை நம் ஊர்க் காட்டோரத்துக்கும் வேண்டியவை என்பது இன்னொரு காரணம்.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். சரக்கு லாரியின் அடிச்சட்டத்தின்மேல் இருபது, இருபத்தைந்து பேர் உட்காரும்படி கூண்டு கட்டிய வண்டி அது. இருக்கைகள் தரையிலிருந்து நல்ல உயரத்தில் இருக்கும். வெளிப்பக்கத்துக் கதவுகளைத் திறந்தால் ஒரு பக்கம் முழு அடுப்படி: எரிவாயு உருளை, இரும்பு அடுப்பு, மடக்கு மேசை, அடுக்கிய சட்டிகள். மறுபக்கம் கூடாரங்கள், மடக்கு நாற்காலிகள். ஓட்டுநர், வழிகாட்டி, சமையல்காரர் என்று இரண்டு மூன்று பேர் கூட வருவார்கள். மற்ற வேலையெல்லாம் பயணிகளுடையது. கூடாரம் அடிப்பதும் பிரிப்பதும் அவரவர் பாடு. காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் முறை வைத்துக்கொள்ள வேண்டும்.

பாத்திரம் கழுவும் விதத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. மேசைமேல் மூன்று தொட்டி வைப்பார்கள். முதலாவதில் சோப்புத் தண்ணீர், அடுத்ததில் நல்ல தண்ணீர், மூன்றாவதில் கிருமிநாசினி விட்ட தண்ணீர். கழுவிய தட்டைத் துணியால் துடைக்கக் கூடாது. இரண்டு கையிலும் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு ஈரம் போகும்வரை காற்றில் வீச வேண்டும். சாப்பாடு முடிந்ததும் பத்திருபது பேர் நின்று கைவீசுவதைப் பார்த்து ஊர்ப்பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் காரணம் வலுவானது. ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்து, அந்தக் கிருமி பொதுத்துணியில் ஏறிவிட்டால் இரண்டு மூன்று நாளில் வண்டி மொத்தமும் படுத்துவிடும். நல்ல மருத்துவமனை ஒரு பகல் ஓட்டத்துக்கு அப்பால் இருக்கிற இடங்கள் அந்தப் பாதையில் நிறைய.

பாதை இதுதான்: கேப் டவுன், நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, ஜாம்பியா, மலாவி, தான்சானியா, கடைசியாகக் கென்யாவின் நைரோபி. நிதானமாகப் போனால் ஏழெட்டு வாரம் ஆகும். வசதி உள்ளவர்களுக்கு வேறு வழி உண்டு. சிறு விமானம் ஒரு பூங்காவுக்குள்ளேயே இறங்கும். இரண்டு நாள் விலங்கு பார்த்துவிட்டு அடுத்த பூங்காவுக்குப் பறந்துவிடலாம். அவர்களும் சிங்கத்தைப் பார்க்கிறார்கள், நாங்களும் பார்த்தோம். இரண்டு பூங்காக்களுக்கு நடுவே இருக்கிற முந்நூறு, நானூறு கிலோமீட்டரை அவர்கள் பார்ப்பதில்லை. இன்று நான் பேச விரும்புவது அந்த நடுப்பகுதியைப் பற்றித்தான். அங்கிருக்கும் மனிதர்களையும் அவர்களுடைய மாடுகளையும் வேலிகளையும் விட்டுவிட்டால், பூங்காவுக்குள் நாம் பார்க்கிற விலங்குகளின் கதை பாதிகூடப் புரியாது. அங்கே அலைந்ததில் எனக்கு உறுதியானது இதுதான்.

இந்தப் பாதையில் மோட்டார் வண்டி ஓடிய கதை பழையது. 1924-ல் கோர்ட் ட்ரீட் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் ஒரு குழுவோடு கேப் டவுனில் புறப்பட்டு, 1926 ஜனவரியில் கெய்ரோ போய்ச் சேர்ந்தார்கள். சாலையே இல்லாத இடங்களில் மரம் வெட்டி, பாலம் போட்டு, ஆற்றில் வண்டியைக் கயிறுகட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் இன்று பயணிகள் போகிற தென்பகுதிப் பாதை ஒழுங்காகத் திறந்தது 1990-களில்தான். நமீபியா 1990-ல் விடுதலை பெற்றது. தென்னாப்பிரிக்காவில் 1994-ல் நிறவெறி ஆட்சி முடிந்தது. அதற்கு முன் இந்த எல்லைகளில் பல போர்முனைகளாக இருந்தன.

நமீபியாவில் எல்லாரும் போவது சோசுஸ்விளை மணல்மலைகளுக்கு. விடியுமுன் எழுந்து, செஸ்ரியம் வாசல் திறந்ததும் ஓடினால், சூரியன் வருவதற்குள் ஒரு மலையின் முகட்டில் ஏறி உட்காரலாம். வெயில் விழுந்ததும் மணல் ஒரு பக்கம் செம்மையும் மறுபக்கம் கருமையுமாகப் பிரியும். பக்கத்தில் டெட்விளை என்ற காய்ந்த களிமண் தரை. அதில் நிற்கிற கருவேல இன மரங்கள் 600, 700 ஆண்டுகளுக்கு முன்பே பட்டுப்போனவை. காற்றில் ஈரமே இல்லாததால் மக்கவில்லை. நின்றபடியே கருகி நிற்கின்றன. அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் வடக்கே எட்டோஷாவுக்குப் போய்விடுகிறேன்.

எட்டோஷாவில் ஒக்காகுயோ என்ற முகாம் இருக்கிறது. கூடாரத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் ஒரு நீர்க்குட்டை. கல்சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சுகள், அந்தப் பக்கம் மங்கலான விளக்கொளியில் தண்ணீர். இரவு பத்து மணிக்கு மேல் அங்கே உட்கார்ந்திருந்தேன். கருங்காண்டாமிருகம் ஒன்று வந்தது. தண்ணீர் ஓரத்தில் நின்று நெடுநேரம் மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்தது. பிறகுதான் தலையைத் தாழ்த்தியது. அது தண்ணீரை உறிஞ்சும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. பெஞ்சில் இருந்த யாரும் பேசவில்லை.

இந்த எட்டோஷாவைக் காப்பகமாக அறிவித்தது ஜெர்மானியக் காலனி அரசு, ஆண்டு 1907. அதே அரசு 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களைப் பாலைவனத்துக்குத் துரத்தியும் முகாம்களில் அடைத்தும் பல பத்தாயிரக்கணக்கில் கொன்றது. அது இனப்படுகொலைதான் என்று ஜெர்மனி 2021-ல் ஒப்புக்கொண்டது. விலங்குக்குக் காப்பகமும் மனிதனுக்கு வதைமுகாமும் ஒரே அரசாங்கத்தின் கையால், ஒரே சில ஆண்டுகளுக்குள் வந்தவை. எட்டோஷாவுக்குள்ளேயே தலைமுறைகளாக வாழ்ந்த ஹாய்ஓம் என்ற சான் மக்களை 1954-ல் வெளியேற்றினார்கள். நான் உட்கார்ந்திருந்தது போன்ற நீர்க்குட்டைகள் அவர்கள் வேட்டையாடித் தண்ணீர் குடித்த இடங்கள். அந்தச் செய்தியைச் சுற்றுலாத் துண்டறிக்கையில் காணவில்லை. வண்டியின் வழிகாட்டிதான் சொன்னார்.

அதே நமீபியா பின்னாளில் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். விடுதலைக்குப் பிறகு, 1996-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பொதுநிலத்தில் வாழும் மக்கள் எல்லை வகுத்து, குழு அமைத்துப் பதிவு செய்துகொண்டால், அந்த நிலத்து விலங்குகளால் வரும் வருமானத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு. விடுதியோ முகாமோ நடத்தலாம், வாடகை வாங்கலாம். இன்று 80-க்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட சமூகக் காப்பகங்கள் நாட்டின் நிலப்பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை நிர்வகிக்கின்றன. வேலி போடாத வெளியில், ஆடுமாடு மேய்கிற அதே நிலத்தில், யானையும் காண்டாமிருகமும் நடமாடுகின்றன. எல்லா ஊரிலும் இது ஒரே மாதிரி நடக்கவில்லை. பணம் வீட்டுக்கு வந்து சேர்வதில்லை என்ற குறையை நானே கேட்டேன். ஆனாலும் விலங்கு யாருடைய வயலை மிதிக்கிறதோ அவருக்கு அதில் பங்கு உண்டு என்று சட்டப் புத்தகத்தில் எழுதிவைத்தது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன்.

வடகிழக்கே போனால் நமீபியாவின் வரைபடத்தில் ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்கும். காப்ரீவிப் பட்டை என்று பெயர். 1890-ல் ஜெர்மனியும் பிரிட்டனும் செய்த உடன்படிக்கையில் ஜெர்மனிக்குக் கிடைத்தது. ஜாம்பேசி ஆற்றை எட்டிவிட்டால் இந்தியப் பெருங்கடலுக்கே படகில் போய்விடலாம் என்று எண்ணினார்கள். ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் விக்டோரியா அருவி இருக்கிறது! பெர்லினில் போட்ட அந்தக் கோடு இன்றும் எல்லையாக நிற்கிறது. யானைகள் அதை ஒரே இரவில் கடந்து அங்கோலாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் போய்வருகின்றன.

போட்ஸ்வானாவுக்குள் போகிற வண்டியை நெடுஞ்சாலையில் நிறுத்துவார்கள். காவல்துறை என்று நினைப்போம், கால்நடைத் துறை. எல்லாரும் இறங்க வேண்டும். காலில் போட்டிருக்கிற செருப்போடு மருந்துநீரில் ஊறிய கோணிமேல் நடக்க வேண்டும். மூட்டைக்குள் இருக்கிற மற்ற காலணிகளையும் எடுத்துவந்து அதில் தோய்க்க வேண்டும். லாரியின் சக்கரங்கள் மருந்துநீர் நிற்கிற பள்ளத்தில் இறங்கி ஏறும். குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். பச்சை இறைச்சி இருந்தால் அங்கேயே விட்டுவிட வேண்டும். எங்கள் சமையல்காரர் கெட்டிக்காரர். இறைச்சியை முதல் நாளிரவே வேகவைத்துவிட்டார். சோதித்த அதிகாரி மூடியைத் திறந்து, கரண்டியால் ஒரு துண்டைப் பிளந்து, உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தலையசைத்தார்.

இவ்வளவும் கோமாரி நோய்க்காக. காட்டெருமை அந்தக் கிருமியை உடம்பில் வைத்துக்கொண்டு நலமாகவே திரியும். அதிலிருந்து மாட்டுக்கு ஒட்டினால் நாட்டின் இறைச்சி ஏற்றுமதி நின்றுவிடும். போட்ஸ்வானா ஐரோப்பாவுக்கு மாட்டிறைச்சி விற்கும் நாடு. அதனால் 1950-களிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கம்பிவேலி போட்டார்கள். 1958-ல் வந்த கூக்கே வேலி அவற்றில் பேர்போனது. மாட்டைக் காத்த வேலி, தண்ணீரைத் தேடி நடந்த விலங்குகளை மறித்தது. 1980-களின் வறட்சியில் நூ என்கிற காட்டு மாடுகள் வேலியோரத்தில் ஆயிரமாயிரமாக விழுந்து செத்தன.

வேலியின் கதையில் இன்னொரு பகுதி உண்டு. இந்தப் பயணத்தில் நான் கேட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒகவாங்கோ ஆற்றுவெளியிலிருந்து மக்கடிக்கடி உப்புவெளிக்கு வரிக்குதிரைகள் மழைக்காலத்தில் போய்த் திரும்பும் வழக்கம் முன்பு இருந்தது. 1968-ல் போட்ட ஒரு வேலி அதை அடைத்துவிட்டது. 2004-ல் அந்த வேலியை எடுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, வரிக்குதிரைகளின் கழுத்தில் கருவி பொருத்திப் பார்த்த ஆய்வாளர்கள் திகைத்துப்போனார்கள். அவை மறுபடியும் அந்த வழியில் போய்வந்துகொண்டிருந்தன. போகவர 500 கிலோமீட்டருக்கு மேல். வரிக்குதிரை காட்டில் இருபது ஆண்டு வாழ்ந்தால் அதிகம். வேலி நின்றதோ முப்பத்தாறு ஆண்டு. அப்படியென்றால் நடந்த வரிக்குதிரைகளில் ஒன்றுகூட, அதன் தாய்கூட, அந்த வழியை முன்பு பார்த்திருக்க முடியாது. மழையும் புல்லும் போகிற பக்கம் அவையும் போய், தாமாகவே கண்டுபிடித்திருக்கின்றன. மறித்ததை எடுத்துவிட்டால் போதும், மற்றதை விலங்கு பார்த்துக்கொள்ளும் என்று அன்றைக்குத் தோன்றிய எண்ணம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

ஒகவாங்கோ கடலைச் சேராத ஆறு. அங்கோலாவின் மேட்டுநிலத்தில் ஜனவரி, பிப்ரவரியில் பெய்கிற மழை, மெல்ல மெல்ல இறங்கி, போட்ஸ்வானாவின் மணலில் விரிந்து நிற்கும்போது ஜூன், ஜூலை ஆகிவிடும். அங்கே அது மழையில்லாத காலம். சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போது இங்கே மட்டும் வெள்ளம். அதனால்தான் அவ்வளவு விலங்கு. மோகோரோ என்ற ஒடுங்கிய படகில் இரண்டு பேர் காலை நீட்டி உட்கார்ந்தால், பின்னால் ஒருவர் நின்று நீண்ட கழியால் ஊன்றிக் கொண்டுபோவார். முன்பு பெரிய மரத்தைக் குடைந்து படகு செய்தார்கள். இப்போது மரத்தைக் காப்பதற்காகக் கண்ணாடியிழைப் படகு. எங்களைக் கொண்டுபோனவர் ஒரு பெண். வெள்ளம் எந்த வாரம் வரும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். “மேற்கே இருக்கிற அக்கா போன் பண்ணிச் சொல்லிவிடுவாள்” என்றார். வழியில் ஓரிடத்தில் கழியை நிறுத்தி, கையை உயர்த்தி எங்களை அடக்கினார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான், நாணலுக்கு நடுவில் நீர்யானையின் காதுகள் இரண்டும் மேலே வந்தன. அவர் சத்தமே இல்லாமல் படகைப் பின்னால் எடுத்து வேறு வாய்க்காலில் திருப்பினார்.

அங்கிருந்து சோபே தேசியப் பூங்கா. போட்ஸ்வானாவில் மட்டும் சுமார் 1,32,000 யானைகள். அங்கோலா, போட்ஸ்வானா, நமீபியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே என்ற ஐந்து நாடுகள் 2011-ல் ஒப்பந்தம் போட்டு, தங்கள் எல்லைப் பகுதிகளைச் சேர்த்துக் காவாங்கோ–ஜாம்பேசி என்ற பெரும் காப்புப் பரப்பை உண்டாக்கியிருக்கின்றன. சுமார் 5,20,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்கு. 2022-ல் எடுத்த கணக்கில் அந்தப் பரப்பில் சுமார் 2,28,000 யானைகள் இருந்தன. அவ்வளவு பரப்பையும் காடு என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குள் ஊர் இருக்கிறது, சோளக்கொல்லை இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. கசானே என்ற ஊரில் பெட்ரோல் போட நின்றபோது காட்டுப்பன்றிகள் கடைவாசலில் முட்டிபோட்டுப் புல் மேய்ந்துகொண்டிருந்தன. ஊர்க்காரர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இரவில் யானை வயலுக்கு வருவது அங்கே சாதாரணம். அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்தால் அந்தக் குடும்பத்துக்கு அந்த ஆண்டுச் சாப்பாடு போனது. உழவர்கள் மிளகாயை இடித்து யானைச் சாணத்தோடு பிசைந்து, செங்கல் அளவில் காயவைத்து, காற்று வரும் திசையில் வயலோரம் மூட்டி வைக்கிறார்கள். அந்த நெடியில் யானை விலகிப்போகிறது. கயிற்றில் மிளகாய்க் குழம்பு தடவி வேலியாகக் கட்டுவதும் உண்டு. கோவை, நீலகிரி, ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பரண்மேல் கண்விழித்துக் கிடக்கிற அந்த இரவு என்னவென்று உங்களுக்குத் தெரியும். யானையைக் காப்பாற்றுங்கள் என்று நகரத்திலிருந்து சொல்வது எளிது. அந்த இரவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை அங்கேயும் கேட்கிறார்கள், இங்கேயும் கேட்கிறார்கள்.

விக்டோரியா அருவியை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1,708 மீட்டர் அகலம், 108 மீட்டர் ஆழம், 1905-ல் கட்டிய பாலம். ஏப்ரல் மாதம் போனால் சாரலில் எதிரே ஒன்றும் தெரியாது. 1855-ல் லிவிங்ஸ்டன் அதைப் பார்த்தார் என்று பள்ளியில் படித்திருப்போம். எனக்கு அவரைவிட அவருடன் இருந்தவர்களிடம் மதிப்பு அதிகம். 1873-ல் இன்றைய ஜாம்பியாவில் அவர் இறந்தபோது, சூமா, சூசி என்ற இருவர் தலைமையில் அவருடைய ஆட்கள் இதயத்தை ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். உடலை உப்பிட்டு உலர்த்தி, துணியிலும் மரப்பட்டையிலும் பொதிந்து, சுமார் ஒன்பது மாதம் நடந்து, இந்தியப் பெருங்கடல் கரையில் பாகமோயோ என்ற ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஜேக்கப் வெயின்ரைட் என்பவர் நம் நாசிக் பக்கத்து மிஷன் பள்ளியில் படித்தவர். அடிமை வியாபாரிகளிடமிருந்து மீட்கப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட ஆப்பிரிக்கப் பிள்ளைகள் பலர் அங்கே படித்தார்கள். தரைவழிப் பயணம் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உடைய பயணம் அவர்களுடையது.

ஜாம்பியாவின் கிழக்குச் சாலை நீளமானது. கரி மூட்டைகளும் தக்காளிக் குவியல்களும் வழியெல்லாம். பிறகு மலாவி. ஏரியில் அலை அடிக்கிறது, கரையில் மணல், அக்கரை கண்ணுக்குத் தெரியாத நாள்களும் உண்டு. அந்த ஏரியில் நூற்றுக்கணக்கான மீனினங்கள். பல உலகில் வேறெங்கும் இல்லாதவை. அங்கே ஒரு வீட்டில் சாப்பிட்டோம். நிசீமா என்பது மக்காச்சோள மாவில் கிண்டியது. நம் களியைப் போலவே கையால் பிடித்து, நடுவில் குழி செய்து, கீரையையோ சின்ன மீனையோ அள்ளிக்கொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பாப், ஜிம்பாப்வேயில் சட்சா, தான்சானியாவில் உகாலி என்று பெயர்தான் மாறியது. கேப்பிலிருந்து நைரோபி வரை சாலையோரத்துத் தட்டில் இருந்தது அந்த ஒன்றுதான்.

தான்சானியாவில் தார்ச்சாலை மிக்குமி தேசியப் பூங்காவின் நடுவிலேயே போகிறது. ஜாம்பியாவின் செம்பையும் காங்கோவின் சரக்கையும் துறைமுகத்துக்கு ஏற்றிப்போகிற கனரக லாரிகள் இரவும் பகலும் ஓடும் சாலை அது. எந்த விலங்கை மோதினால் எவ்வளவு அபராதம் என்று ஒவ்வொரு விலங்காகப் பட்டியல் போட்ட பலகையை வைத்திருக்கிறார்கள். வேகத்தடைகள் அடுக்கடுக்காக உண்டு. அப்படியும் விலங்கு அடிபடுகிறது. இதைப் பார்த்த பிறகு, வடக்கே செரங்கெட்டியின் குறுக்கே நெடுஞ்சாலை போடும் திட்டத்தை ஏன் அவ்வளவு பேர் எதிர்த்தார்கள் என்று புரிந்தது. அப்படித் தார்ச்சாலை போடுவது சட்டத்துக்குப் புறம்பு என்று கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது.

செரங்கெட்டிக்குள் பெரிய லாரி போகாது. சின்ன நான்கு சக்கர வண்டிகளுக்கு மாறிக்கொண்டோம். செரொனேராவில் பொது முகாம். கூடாரத்தைச் சுற்றி வேலி கிடையாது. சமைப்பதற்கும் சாப்பிடுவதற்கும் மட்டும் கம்பிவலை அடித்த கூடம் இருக்கும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட்டுகூட வைக்கக் கூடாது, செருப்பை வெளியே விடக் கூடாது. கழுதைப்புலி தூக்கிப் போய்விடும். இரவில் அது கூப்பிடும் குரல் கீழே தொடங்கி மேலே ஏறி முடியும். ஒரு முறை மிக அருகில் கேட்டது. பிறகு கூடாரத் துணிக்கு அந்தப் பக்கம் மூச்சுவிடும் சத்தம். காலையில் கயிற்றை ஒட்டி ஈரமண்ணில் நான்கு விரல் தடம் பதிந்திருந்தது.

செரங்கெட்டியின் நூக் கூட்டம் பற்றி எல்லாரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். சுமார் 13 லட்சம். மாரா ஆற்றில் முதலைக்கு நடுவே பாய்கிற காட்சி. ஆதிகாலத்திலிருந்து இப்படியே இருப்பதாகப் படத்தில் சொல்வார்கள். 1960-களின் தொடக்கத்தில் எண்ணியபோது அவை இரண்டரை லட்சம் அளவில்தான் இருந்தன. அப்புறம் எப்படிப் பெருகின? இதற்கு விடை சொல்ல மாட்டின் கதைக்குப் போக வேண்டும்.

நம் கிராமத்துப் பெரியவர்களுக்கு வெக்கை நோய் தெரிந்திருக்கும். ரிண்டர்பெஸ்ட் என்பது அதுதான். 1880-களின் கடைசியில் இத்தாலியப் படைக்காகச் செங்கடல் கரையில் இறக்கிய மாடுகளோடு அது ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து போனவை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். பத்து ஆண்டுக்குள் கண்டத்தின் தென்முனை வரை அடித்துக்கொண்டு போனது. போன இடமெல்லாம் பத்து மாட்டில் எட்டு ஒன்பது செத்தது. காட்டெருமையும் நூவும் செத்தன. எத்தியோப்பியாவில் பெரும்பஞ்சம். மாட்டையே நம்பி வாழ்ந்த மாசாய் மக்களில் மூன்றில் இரண்டு பங்கு மாண்டிருப்பார்கள் என்று அப்போது அங்கே பயணம் செய்த ஆஸ்கர் பௌமன் கணக்கிட்டார். மேய்ச்சல் நின்ற நிலத்தில் புதர் மண்டியது, புதரில் செட்சி ஈ பெருகியது, ஈயினால் உறக்கநோய் வந்தது, மீதியிருந்தவர்களும் விலகினார்கள். அந்த வெற்றிடத்துக்குத்தான் காலனி அதிகாரிகள் வந்து சேர்ந்தார்கள். ஆளில்லாத ஆதிக்காடு என்று எழுதிவைத்துக்கொண்டு, வேட்டைக் காப்பகங்களாகக் கோடு போட்டார்கள். ஒரு தலைமுறைக்கு முன் அங்கே மாடு மேய்ந்தது அவர்கள் வரைபடத்தில் ஏறவில்லை.

மருந்து வந்த கதை இதைவிட அருமை. 1920-களில் இமயமலைப் பகுதியில் இருக்கிற முக்தேசுவரில் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர் ஆட்டின் உடலில் கிருமியை வளர்த்து வலுவிழக்கச் செய்து ஒரு தடுப்பூசி உண்டாக்கினார். 1960 வாக்கில் கென்யாவின் முகுகா ஆய்வுக்கூடத்தில் வால்டர் பிளௌரைட் அதைவிடப் பாதுகாப்பான தடுப்பூசியைச் செய்தார். செரங்கெட்டியைச் சுற்றியிருந்த மாடுகளுக்கெல்லாம் ஊசி போட்டார்கள். நூவுக்கு யாரும் போடவில்லை. மாட்டிடம் நோய் நின்றதும் நூவிடமும் தானாக நின்றுவிட்டது. 1970-களின் பிற்பகுதியில் அவை 13 லட்சத்தைத் தொட்டன. புல்லை அவை மேய்ந்து தீர்த்ததால் காட்டுத்தீ குறைந்தது, தீ குறைந்ததால் மரம் வளர்ந்தது. 2011-ல் உலகம் முழுவதும் அந்த நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதர் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய். பூங்காவின் எல்லைக்கு வெளியே, மேய்ப்பர்கள் தங்கள் மாட்டைப் பிடித்துக்கொள்ள, கால்நடை மருத்துவர்கள் ஊசி போட்டதால் கிடைத்ததுதான் இன்று நாம் காசு கொடுத்துப் பார்க்கிற அந்தக் காட்சி.

அந்த மேய்ப்பர்களுக்கு என்ன கிடைத்தது? 1959-ல் மாசாய் மக்கள் செரங்கெட்டியை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு ஒங்கொரொங்கொரோ பகுதியில் மாட்டோடு வாழலாம் என்று அரசு அவர்களுக்கு வாக்குக் கொடுத்தது. பின்னாளில் எரிமலைப் பள்ளத்துக்குள் குடியிருக்கக் கூடாது என்றார்கள். பயிர் செய்யக் கூடாது என்றார்கள். 2022-ல் பக்கத்து லோலியோண்டோவில் எல்லைக்கல் நட்டபோது மோதல் வெடித்து, ஒரு காவலர் இறந்தார், மாசாய்கள் பலர் காயப்பட்டார்கள். ஒங்கொரொங்கொரோவில் இருப்பவர்களைப் பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ம்சொமேரா என்ற ஊருக்கு மாற்றும் வேலை அதே ஆண்டில் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான மாசாய்கள் சுற்றுலா வண்டிகள் போகிற சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். மக்கள் தொகையும் மாடும் பெருகிவிட்டன, நிலம் தாங்காது என்று அரசு சொல்கிறது. அந்தக் கவலையில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் விடுதிகள் நிற்கும்போது, பள்ளிக்கூடத்தையும் மருத்துவ வசதியையும் குறைத்து மக்களை நகர்த்துவது எனக்கு அநியாயமாகவே படுகிறது. 36 லட்சம் ஆண்டுக்கு முன் மனித இனத்தின் முன்னோர் ஈரச்சாம்பலில் நடந்துபோன காலடித் தடங்களை மேரி லீக்கியின் குழு 1978-ல் கண்டெடுத்த லேட்டோலியும் அந்த ஒங்கொரொங்கொரோவில்தான் இருக்கிறது.

பாதையின் முடிவு நைரோபி. 1899-ல் இருப்புப்பாதை வந்து சேர்ந்த இடத்தில் எழுந்த நகரம். அந்தத் தண்டவாளத்தைப் போட 30,000-க்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் போனார்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். நகரத்தை ஒட்டியே 1946-ல் உண்டான தேசியப் பூங்கா, 117 சதுர கிலோமீட்டர். மூன்று பக்கம் வேலி. தெற்குப் பக்கம் திறந்திருக்கிறது. மழைக்காலத்தில் விலங்குகள் அந்த வழியாகத் தெற்கே மாசாய்களின் மேய்ச்சல் நிலத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். நைரோபி வளர வளர அந்த நிலத்துக்கு விலை ஏறி, மனை மனையாக வேலி விழுகிறது. அதனால் 2000 முதல் ஒரு ஏற்பாடு செய்தார்கள்: நிலத்தை விற்காமல், வேலி போடாமல் திறந்தே வைத்திருக்கிற குடும்பத்துக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று குத்தகைப் பணம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவும்படி அதைத் தவணையாகக் கொடுத்தார்கள். மனைக்காரர் கொடுக்கும் விலைக்கு அந்தப் பணம் ஈடாகாது. இருந்தும் பல குடும்பங்கள் சேர்ந்தன.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. ஜூன் முதல் அக்டோபர் வரை மழை குறைவு, விலங்கு நீர்நிலையோரம் கூடும். இரவில் நல்ல குளிர், கம்பளி வேண்டும். முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது நிலம் யாருடையது, வாடகை யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். ஊர்மக்கள் நடத்தும் முகாம்கள் நமீபியாவிலும் போட்ஸ்வானாவிலும் நிறைய உண்டு. கென்யாவிலிருந்து திரும்பும்போது மஞ்சள்காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாவிட்டால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் ஆய்வு நிலையத்தில் போடுகிறார்கள். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கூடாரம், செலவு, விசா பற்றிய கேள்விகளைச் சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்; ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.